மேஜை டிராயருக்குள் என் குரல்

என் குரலை நான் முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு வயது ஐம்பத்தைந்து. அது ஒரு மேஜை டிராயருக்குள்ளிருந்து வந்தது. அதற்கு முன் முப்பது வருடம் அந்தக் குரலை வைத்துத்தான் குடும்பம் நடத்தியிருந்தேன்.

உத்திரமேரூரில் நான் கடைசியாக வேலை பார்த்த பயிற்சி மையத்திலிருந்து போன மாதம் இரண்டு இளம் ஆசிரியைகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மையத்தில் இப்போது அலுவலக ஆங்கிலத்தைக் கைப்பேசிச் செயலி ஒன்று நடத்துகிறதாம். கேள்வியை அதுவே கேட்கிறது, பதிலையும் அதுவே திருத்துகிறது. யாராக இருந்தாலும் ஒரே குரலில் பேசுகிறது. அப்படியானால் எங்கள் குரலுக்கு இனி என்ன வேலை என்று அவர்களுக்குக் கவலை. உங்கள் அனுபவத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். காபி கொடுத்து, பொதுவாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். நடந்ததைச் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. எழுதினால் வருகிறதா என்று பார்க்கிறேன்.

பி.ஏ. முடித்தவுடன் எனக்குக் கிடைத்த முதல் வேலை காஞ்சிபுரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில். சுருக்கெழுத்து படிப்பவர்களுக்கு டிக்டேஷன் வாசிக்க வேண்டும். அங்கே குரல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே சீராகப் படிக்க வேண்டும். அதன் பிறகு ஒரு மெட்ரிக் பள்ளியில் பல வருடம். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு, பட்டம் வாங்கியும் நேர்காணலில் வாய் திறக்காத எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்காக ஒரு அறக்கட்டளை இந்த மையத்தைத் தொடங்கியது. பேருந்து நிலையத்துக்கு அருகே, உரக்கடைக்கு மேலே இரண்டு அறை. போனில் பேசுவது, மின்னஞ்சல் எழுதுவது, நேர்காணலுக்குத் தயாராவது. மூன்று மாதப் படிப்பு.

சேர்வதற்கு முன் பத்து நாள் பயிற்சிக்கு என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஆசிரியரின் குரல்தான் பாதிப் பாடம் என்றார்கள். முக்கியமான சொல்லில் அழுத்து, சந்தேகம் வர வேண்டிய இடத்தில் குரலை உயர்த்து, முடிகிற இடத்தில் இறக்கு, மாணவன் நிரப்ப வேண்டிய இடத்துக்கு முன்னால் இழுத்து நிறுத்து. டிக்டேஷன் படித்தே இறுகிப்போன தொண்டையை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. ஊர் திரும்பியதும் அதைத்தான் செய்தேன், கொஞ்சம் அதிகமாகவே செய்தேன்.

"ஹவ் மே ஐ..." என்று சொல்லி நிறுத்துவேன். உதட்டை லேசாகத் திறந்து 'ஹெ' என்று காற்றை மட்டும் விடுவேன். "ஹெல்ப் யூ" என்று வகுப்பே முழங்கும். வாடிக்கையாளரிடம் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லலாமா என்று கேட்கும்போது கடைசிச் சொல்லை மேலே இழுத்துக்கொண்டு போவேன். "நோ சார்" என்று பதில் வரும். சொல்லலாம் என்பது பதிலாக இருந்தால் குரலைச் சட்டென்று கீழே வைப்பேன். "எஸ் சார்." கீழே உரக்கடையில் மூட்டை எடுக்க வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தச் சத்தம்தான் என் வெற்றி என்று நினைத்திருந்தேன்.

எங்கள் பயிற்சி மேற்பார்வையாளர் ரெஜினா மேடம். புதன்கிழமை மட்டும் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லியான உருவம், தோளில் ஒரு துணிப்பை, அதட்டாத பேச்சு. வகுப்பைப் பார்வையிட வருகிறவர்கள் வழக்கமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். இவர் உள்ளேயே வரமாட்டார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பஸ் ஹாரன் சத்தத்தில் நாங்கள் பேசுகிற வார்த்தை அங்கே சரியாகக் கேட்காது.

முதல் தடவை, உள்ளே மின்விசிறி இருக்கிறதே, வாருங்கள் என்று கூப்பிட்டேன்.

"உள்ள வந்தா உங்க முகத்தப் பாப்பேன் தாமோதரன். நல்லா நடத்தறீங்கன்னு உடனே தோணிடும்" என்றார்.

அவர் கையில் இருந்தது சின்னப் பிள்ளைகள் ஆங்கில எழுத்துப் பழகுகிற நாலு கோடு நோட்டு. அதில் ஒரு எழுத்தும் இருக்காது. நான் ஒரு கேள்வி கேட்டால் அவருடைய பென்சில் ஒரு கோடு இழுக்கும். என் குரல் ஏறினால் கோடு மேல் வரிக்கு ஏறும், இறங்கினால் அடி வரிக்கு வரும், நான் இழுத்தால் நீளும். கேள்வி முடிந்து நான் சும்மா இருந்தால் முழங்காலில் விரலால் தட்டி எண்ணுவார், ஒரு தட்டுக்கு ஒரு புள்ளி. மாணவன் குரல் கேட்டதும் ஒரு சின்ன வட்டம் போட்டு அடுத்த வரிக்குப் போவார். வகுப்பு முடிந்ததும் நோட்டை மூடிவிட்டுக் கடுங்காப்பி குடிப்பார். நன்றாக இருந்தது என்றோ இல்லை என்றோ சொன்னதே கிடையாது. ஒவ்வொரு புதனும் ஒரே கேள்விதான் கேட்பார்: "இன்னைக்கு யாருக்காகக் காத்திருந்தீங்க?" நான் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்வேன். தலையாட்டிக்கொள்வார். மாதக் கடைசியில் ஒரு குறிப்புத் தாள் தருவார். நான் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைப்பேன்.

மஞ்சுளா எங்கள் மையத்தின் ஆறாவது அணியில் சேர்ந்தவள். சாலவாக்கத்துக்கு அப்பால் ஏரிக்கரையை ஒட்டிய இருளர் குடியிருப்பு. அப்பாவும் அம்மாவும் சவுக்கு வெட்டவும் அறுப்புக்கும் போகிறவர்கள். அந்தக் குடியிருப்பிலிருந்து முதலில் பட்டம் வாங்கியவள் இவள்தான், பி.காம். காலையில் முதல் டவுன் பஸ்ஸில் வந்து, வகுப்பு திறக்கும் வரை படியில் உட்கார்ந்திருப்பாள். ஜன்னல் பக்கம் மூன்றாவது பெஞ்ச். நான் பேசும்போது என்னைப் பார்க்கமாட்டாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூச்சம் என்று நினைத்தேன்.

வாய்மொழிப் பயிற்சியில் அவள் ஒரு கேள்விக்குக்கூடத் தவறாகப் பதில் சொன்னதில்லை. எழுத்துத் தேர்வில் தாள் பாதி காலியாக இருக்கும். எழுதிப் பழக்கம் இல்லாத பெண், அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அறக்கட்டளைக்காரர்கள் யாராவது வந்தால் அவளைத்தான் எழுப்பி நிறுத்துவேன். அவளிடம் நான் மெதுவாகப் பேசுவேன் என்பது எனக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் அப்படிப் பேசினேன். வெளியே எத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நின்றிருப்பாளோ, என் வகுப்பிலாவது பதில் தெரியாமல் ஒரு நாளும் நிற்கக் கூடாது என்று நினைத்தேன். அதை என் நல்ல குணங்களில் ஒன்றாக வைத்திருந்தேன்.

அதே வகுப்பில் லோகேஷ் என்று ஒரு பையன். தென்னேரியில் நஞ்சை வைத்திருக்கிற குடும்பம். அவன் திணறினால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். உனக்குத் தெரியும், யோசி என்பேன். அவன் முகம் சிவந்து, தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை நகரமாட்டேன்.

படிப்பு முடிகிற சமயம் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். சரக்கு அனுப்பும் பிரிவில், போனில் வருகிற உத்தரவைக் கேட்டு, லாரிகள் வெளியே போக கேட் பாஸ் எழுதுகிற வேலை. வந்த அதிகாரிகள் மதிப்பெண் போடுவதில் கவனமாக இருப்பதற்காக, கேள்விகளை என்னையே வாசிக்கச் சொன்னார்கள். மேலிடத்துக்குக் காட்டுவதற்குக் கைப்பேசியில் பதிவும் செய்துகொண்டு, ஒரு பிரதியை எங்கள் மையத்துக்கும் அனுப்பினார்கள். பதினான்கு பேரில் மஞ்சுளாதான் முதலில் வந்தாள். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு மத்தியானம் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றாள். உட்கார வைத்து, துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கம்பெனியில் ஒரு வெளிநாட்டு இன்ஜினியர். அன்றைக்குப் புறப்பட இருந்த இரண்டாவது லாரியில் பெட்டிகளைக் கட்டியிருந்த பட்டை தளர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். யார்டிலிருந்து மஞ்சுளாவின் மேஜைக்குப் போன் செய்து, "யூ கேன்ட் சென்ட் த செகண்ட் லாரி" என்றார். இரண்டாவது லாரியை அனுப்பக் கூடாது. அவர் பேச்சில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. 'கேன்ட்' என்பதன் கடைசிச் சத்தம் வாய்க்குள்ளேயே நின்றுவிடும், அனுப்பலாம் என்கிற 'கேன்' போலத்தான் காதில் விழும். மஞ்சுளா "எஸ் சார், ஓகே சார்" என்றாள். அவர் திருப்தியாகப் போனை வைத்தார். இவள் கேட் பாஸ் எழுதிக் கொடுத்துவிட்டாள். லாரி ஒரு வளைவில் திரும்பும்போது இரண்டு பெட்டிகள் சரிந்து விழுந்தன. எதிரே பைக்கில் பால் கேன் கட்டிக்கொண்டு வந்தவர் பள்ளத்தில் விழுந்தார். வலது கை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது.

"அனுப்ப சொல்றாருன்னு நெனைச்சேன் சார்" என்றாள் மஞ்சுளா. அழவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பால்காரரைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஆளுக்கு ஒழுங்காகப் பேசத் தெரியவில்லை, பழியை ஒரு இருளர் வீட்டுப் பெண் தலையில் போட்டுவிட்டார்கள் என்று அன்றைக்கே உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்குக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். என் வகுப்பில் ஒரு தவறும் செய்யாத மாணவி இவள் என்று எழுதி, அந்த வரிக்குக் கீழே கோடும் போட்டேன். புதன்கிழமை ரெஜினா மேடத்திடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

நிதானமாகப் படித்தார். மடித்து மேஜைமேல் வைத்தார்.

"அனுப்பலாம். அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் உக்காருங்க."

தன் கைப்பேசியில் கம்பெனி அனுப்பிய அந்த நேர்காணல் பதிவை எடுத்தார். ஓடவிட்டார். நான் கேட்கத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தபோது, கைப்பேசியை மேஜை டிராயருக்குள் வைத்து, மேலே தன் துணிப்பையைப் போட்டு டிராயரை மூடினார்.

வார்த்தை ஒன்றும் புரியவில்லை. மரத்துக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் மட்டும் வந்தது. குழைந்து, இழுத்து, ஒரு இடத்தில் மேலே போய் நின்றது. நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஒரு பெண் குரல் வந்து ஒட்டிக்கொண்டது. மறுபடி அந்த ஆண் குரல். இந்தத் தடவை சட்டென்று இறங்கியது. பெண் குரல் 'எஸ்' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அதை யூகித்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. என்ன கேள்வி என்று எனக்குக் கேட்கவில்லை. பதில் மட்டும் தெரிந்தது. ஐந்து கேள்வி, ஐந்துக்கும் தெரிந்தது.

"இது யாரு?" என்றார்.

"மஞ்சுளா."

டிராயரைத் திறந்து பதிவைத் தள்ளி ஓடவிட்டு மறுபடி மூடினார். அதே ஆண் குரல். ஆனால் வேறு ஆள் மாதிரி இருந்தது. நேராகக் கேட்டது, நிறுத்தியது. அதன்பின் வெறும் மௌனம். டிராயரைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

"இது?"

"லோகேஷ்" என்றேன்.

"பையன் இன்னும் வாயத் தொறக்கலயே. பேரு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் அலமாரியிலிருந்து அந்த வகுப்பின் நாலு கோடு நோட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். சில கோடுகள் படுத்துக் கிடந்தன, அவற்றுக்குப் பின்னால் ஏழு, எட்டு, சில இடத்தில் பத்துப் புள்ளிகள். சில கோடுகள் வளைந்து நெளிந்து ஏறி இறங்கின. அவற்றுக்குப் பின்னால் புள்ளியே இல்லை, உடனே வட்டம். பக்கத்துக்குப் பக்கம் அப்படித்தான். ஒரு பக்கத்திலும் பெயர் கிடையாது. ஒவ்வொரு கோடும் யாருக்கானது என்று என்னால் சொல்ல முடிந்தது. வளைந்த கோடுகள் மஞ்சுளாவுடையவை மட்டும் இல்லை. அவளைப் போலக் குடியிருப்புகளிலிருந்தும் காலனிகளிலிருந்தும் வந்த நாலைந்து பேர். நான் எவரெவர்மேல் இரக்கப்பட்டேனோ, அவர்களில் ஒருவருக்குக்கூட நான் ஒரு புள்ளி நேரம் காத்திருக்கவில்லை.

கோபம் வந்தது. இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அவரிடம் கத்தினேன். என் கோப்பை எடுத்து வந்தார். மாதக் குறிப்புத் தாள்கள். 'எல்லோருக்கும் ஒரே அளவு காத்திருக்கவும்' என்று மூன்று மாதமும் எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து. ஒன்றையும் நான் படித்திருக்கவில்லை.

"என் மேலயும் தப்பு இருக்கு" என்றார் ரெஜினா மேடம். "எழுதிக் குடுத்ததோட விட்டுட்டேன். ரிசல்ட் நல்லா வந்துக்கிட்டு இருந்துதுல்ல."

கடிதத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அது என் சட்டைப் பையிலேயே இருந்தது. என் மனம் அப்போதும் அடங்கவில்லை. மேடம் மிகைப்படுத்துகிறார், பிள்ளைகளுக்குத் தெரியாதா என்று லோகேஷுக்குப் போன் செய்தேன். வேறு ஏதோ கேட்பதுபோல், என் வகுப்பு எப்படி இருந்தது, உண்மையைச் சொல் என்றேன். கொஞ்சம் தயங்கினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மஞ்சுளாக்கு மட்டும் நீங்க சொல்லிக் குடுத்துருவீங்க. எங்கள நிக்க வச்சிக்கினே இருப்பீங்க. நாங்கல்லாம் பேசிக்குவோம். அதான் நெறைய பேரு அந்தப் பொண்ணாண்ட பேசறது இல்ல."

மூன்று மாதம் என் வகுப்பில் அவளோடு பலரும் பேசவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். மஞ்சுளா வெட்டிய சவுக்கு மிலாறுக் குச்சிகளைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியில் உட்கார என்னால் முடியவில்லை. நின்றபடியே சொன்னேன். உன் மேல் தப்பில்லை, நான் உனக்கு ஆங்கிலம் கற்றுத்தரவில்லை, என் குரலிலேயே பதிலை வைத்துக் கொடுத்துவிட்டேன், அது இத்தனை நாள் எனக்கே தெரியாது என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"மொதோ வாரமே தெரிஞ்சிது. ஒங்க கொரல்லயே பதிலு கீது. அத்த கேட்டு சொல்லிக்கினு இருந்தேன். எங்களுக்கு இது பயக்கம் சார். காலைல வேலை கேட்டு ஒரு வூட்டு வாசல்ல போயி நின்னா, உள்ளருந்து 'யாரு'ன்னு ஒரு கொரலு வரும். அந்த ஒத்தக் கொரல்ல தெரிஞ்சிரும், இன்னைக்கு வேலை கீதா, இல்ல திட்டு வாங்கணுமான்னு. சின்ன வயசுலருந்து அத்தத்தான் கேட்டுக்கினு கீறோம்."

"அப்ப ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"இன்னான்னு சொல்றது சார்? இங்கிலீஷுன்னா இப்பிடித்தான் போலன்னு நெனைச்சேன். பெரியவங்க கொரலப் பாத்து 'எஸ் சார்' சொல்றதுன்னு." கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். "அப்பறம் நீங்க எரக்கப்பட்டுத்தான் அப்பிடி பேசறீங்கன்னும் தெரியும். லோகேஷாண்ட அப்பிடி பேச மாட்டீங்க. எரக்கப்படறவங்கள எதுத்து இன்னா சார் சொல்றது?"

அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. என் வகுப்பில் ஒருத்தி தலைகுனிந்து நிற்கக் கூடாது என்று நினைத்தேன். அந்த வீட்டு வாசல்களில் அவள் கற்றதையே நானும் மூன்று மாதம் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இனி என்ன செய்யட்டும் என்று அவளிடமே கேட்டேன்.

"லோகேஷாண்ட பேசற மாதிரி எங்கிட்ட பேசுங்க சார். தெர்லன்னா நிக்க வையுங்க. அந்தப் பால்காரரு கையப் பாத்தேன். இனிமே தெரியாம 'எஸ்' சொல்ல வாணாம்."

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அடுத்த வகுப்பில் மஞ்சுளாவை மறுபடி சேர்த்துக்கொண்டோம். ரெஜினா மேடம் எனக்கு ஒரு முறை வகுத்துக் கொடுத்தார். கேள்விகளைத் தாளில் அச்சடித்துத் துண்டுகளாக வெட்டி, மாணவர்களே ஒருவருக்கொருவர் வாசிக்க வேண்டும். பாதிக் கேள்விகள் பக்கத்து அறையிலிருந்து போனில் வரும். நான் கேட்பதாக இருந்தால் சுருக்கெழுத்து டிக்டேஷன்போலச் சமமாகக் கேட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் விரலை மடித்து ஏழு எண்ண வேண்டும். யாராக இருந்தாலும் ஏழு. அதற்குள் என் வாய் திறக்கக் கூடாது.

ஏழு எண்ணுவது எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். முதல் நாள் என் சட்டை நனைந்துவிட்டது. மஞ்சுளா எழுந்து நின்றால் என் தொண்டையே முன்னால் போய் உதவப் பார்த்தது. விரலை அழுத்தி அடக்கிக்கொண்டேன். முதல் மூன்று வாரம் அவள் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. அவள் மட்டுமா, வகுப்பே ஊமையாகிவிட்டது. ஒரு நாள் உரக்கடைக்காரர் படியில் என்னை நிறுத்தி, "இன்னா சார், இப்பல்லாம் கிளாஸ் நடக்கறதில்லயா?" என்று கேட்டார்.

நாலாவது வாரம். பக்கத்து அறையிலிருந்து ஒரு பையன் போனில் ஏதோ கேட்டான். மஞ்சுளா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏழு ஆகிவிட்டது. நான் அடுத்தவரைப் பார்க்கத் திரும்பியபோது, "ஐ டிட் நாட் அண்டர்ஸ்டேண்ட். ப்ளீஸ் சே அகெய்ன்" என்றாள். புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்.

எங்கள் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிற வாக்கியம் அது. ஒவ்வொரு வகுப்பும் முதல் நாளே அதைச் சத்தமாகச் சேர்ந்து சொல்லும். இத்தனை வருடத்தில் ஒரு மாணவர்கூட அதை என்னிடம் தேவைக்காகச் சொன்னதில்லை. சொல்ல நான் விட்டதில்லை.

அந்த வகுப்பு முடிந்ததும் காஞ்சிபுரம் பக்கம் ஒரு விதை கம்பெனியின் கிடங்கு அலுவலகத்துக்கு ஆள் கேட்டிருந்தார்கள். இந்தத் தடவை நேர்காணல் போனில். எங்கள் அலுவலக அறையில் மேஜைமேல் போன் ஒலிபெருக்கியில் இருந்தது. மாணவருக்கு யாரும் உதவவில்லை என்று உறுதி சொல்ல மையத்தின் சார்பில் ஒருவர் அறையில் இருக்க வேண்டும். நான் இருந்தேன். என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

எதிர்முனையில் பேசியவர் வேகமாக, ஒரே சீராகப் பேசினார். முதல் கேள்விக்கு மஞ்சுளா தன் படிப்பைப் பற்றிச் சொன்னாள். இரண்டாவதாகச் சரக்கு இருப்புப் பதிவேடு பற்றிக் கேட்டார், அதற்கும் சொன்னாள். மூன்றாவது கேள்வி, முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்பது. அவர் அதைச் சுற்றி வளைத்துக் கேட்டார். அறையில் சத்தமே இல்லை. ஏழு போய்விட்டது. பத்து. பதினொன்று.

"சாரி சார். ஐ டிட் நாட் அண்டர்ஸ்டேண்ட். ப்ளீஸ் சே அகெய்ன்."

அவர் மறுபடி கேட்டார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். மூன்றாம் முறை அவர் மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் எல்லா மாணவர்களுக்கும் மனப்பாடமாகக் கொடுத்திருந்த பதில், 'நல்ல வாய்ப்புக்காக' என்பது. மஞ்சுளா அதைச் சொல்லவில்லை.

"ஐ டிட் நாட் அண்டர்ஸ்டேண்ட் ஒன் ஆர்டர். ஐ செட் எஸ். ஒன் மேன் கெட் ஹர்ட். நவ் ஐ ஆஸ்க், சார்."

உத்தரவு புரியவில்லை, சரி என்று சொல்லிவிட்டேன், ஒருவருக்கு அடிபட்டது, இப்போது கேட்கிறேன். இலக்கணம் உடைந்துதான் இருந்தது. அதில் ஒரு சொல்லையும் நான் எடுத்துக் கொடுக்கவில்லை. எதிர்முனையில் இருந்தவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வைத்தார். நான்கு நாள் கழித்து எடுத்துக்கொண்டதாகத் தகவல் வந்தது. இன்றைக்கும் அந்தக் கிடங்கில்தான் இருக்கிறாள். லாரிக்குச் சீட்டு எழுதுகிற பொறுப்பும் இப்போது அவளிடம்தான்.

நான் ஓய்வு பெறும்வரை ஏழு எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அது எவ்வளவு தூரம் போதுமானது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்த நேர்காணல் முடிந்ததும் நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

போனை அணைத்துவிட்டு மஞ்சுளா கேட்டாள்: "ஏன் சார் செவுத்தப் பாத்துக்கினு நின்னீங்க?"

"என் மொகத்தப் பாத்து நீ தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதாம்மா."

சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "மொதோ பதிலு சொன்னதும் ஒங்க தோளு எறங்கிச்சி சார். ரெண்டாவதுக்கு சட்டைய இஸ்து உட்டுக்கினீங்க. ரெண்டும் கரெக்டுன்னு தெரிஞ்சி போச்சி."

நான் கேட்டேன்.

"அப்ப மூணாவது?"

"மூணாவதுக்கு நான் கண்ண மூடிக்கினேன் சார்" என்றாள்.